கடற் பாதுகாப்பு வேலை: காசு கட்டுமுன் கணக்குப் பார்ப்போம்

படையில் பல வருடங்கள் சேவை செய்து, முறைப்படி விலகி வந்த மருமகன் ஒருவர் கடைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். "மாமா, கப்பல்ல செக்கியூரிட்டி வேல ஒன்டு இருக்கி. ரெண்டு மூணு கோஸ் செய்யணும். ஆமில கெடச்ச காசு போதாது. மிச்சத்த நீங்க தந்தா ஆறு மாசத்துல திருப்பித் தாறேன்" என்கிறார். லாச்சிக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் மாமா இதற்கு என்ன பதில் சொல்வது?

சொந்தக்காரப் பிள்ளை என்பதற்காக உடனே கொடுத்துவிடுபவர்களும் உண்டு. இதெல்லாம் ஏமாற்று வேலை என்று விரட்டிவிடுபவர்களும் உண்டு. இரண்டும் சரியல்ல. ஒரு மூடை அரிசி எடுப்பதானாலும் எங்கிருந்து வருகிறது, யார் வாங்குவார், எத்தனை நாளில் காசு திரும்பும் என்று விசாரித்தே நாம் எடுக்கின்றோம். வேலைக்காகக் கட்டப்படும் பணமும் ஒரு முதலீடுதான். அதையும் அதே கண்ணோடு பார்க்க வேண்டும். படையிலிருந்து விலகியவர்கள் வணிகக் கப்பல்களில் பாதுகாப்பு வேலைக்குப் போகும் இந்தத் தொழிலின் வரவையும் செலவையும் இந்த வாரம் சற்று விரிவாக ஆராய்வோம்.

தேவை எங்கிருந்து வந்தது?

எந்தப் பண்டமானாலும் அதன் தேவை எங்கே பிறக்கின்றது என்பதை அறிவது முதற் பாடமாகும். கப்பலில் ஆயுதக் காவலர் என்ற சேவைக்கான தேவை சோமாலியக் கடற்கொள்ளையினால் பிறந்தது. 2008 நவம்பரில் 'சிரியஸ் ஸ்டார்' என்ற சவூதி எண்ணெய்க் கப்பல் ஏறத்தாழ 20 இலட்சம் பீப்பாய் மசகு எண்ணெயுடன் கடத்தப்பட்டபோது உலகமே திடுக்கிட்டது. சர்வதேச கடல்சார் பணியகத்தின் கணக்குப்படி 2010 ஆம் ஆண்டில் சோமாலியக் கொள்ளையர்கள் 49 கப்பல்களைக் கடத்தினர். 2011 இல் 237 தாக்குதல்கள் பதிவாகின. அவற்றில் 28 கப்பல்கள் கடத்தப்பட்டன.

ஒரு கப்பல் பிடிபட்டால் உரிமையாளருக்கு ஏற்படும் நட்டம் கப்பத்தொகையோடு முடிவதில்லை. மாதக்கணக்கில் கப்பல் முடங்கிக் கிடக்கும், சரக்குக்காரர் வழக்குத் தொடுப்பார், காப்புறுதிக் கட்டணம் உயரும். கொள்ளையருக்குப் பயந்து ஆபிரிக்காவைச் சுற்றிப் போனால் எரிபொருள் செலவு கூடும். இத்தனைக்கும் முன்னால் சில காவலர்களைக் கூலிக்கு ஏற்றிச் செல்வது உரிமையாளருக்கு இலாபமாகத் தெரிந்தது. ஆயுதக் காவலர் இருந்த கப்பல் ஒன்றும் சோமாலியக் கொள்ளையரால் கடத்தப்படவில்லை என்பது அந்தக் காலத்தில் கப்பற்றுறையில் பரவலாகச் சொல்லப்பட்ட விடயமாகும்.

ஆரம்பத்தில் பல அரசாங்கங்கள் வணிகக் கப்பலில் துப்பாக்கி ஏற்றுவதை விரும்பவில்லை. பின்னர் ஒவ்வொன்றாக வழிவிட்டன. 2011 ஆகஸ்டில் இந்தியாவும் அதே ஆண்டு ஒக்டோபரில் பிரித்தானியாவும் தமது கொடி பறக்கும் கப்பல்களுக்கு இதற்கு இடமளித்தன. 2013 இல் ஜப்பான் இதற்கெனச் சட்டம் இயற்றியது. சர்வதேச கடல்சார் அமைப்பு 2011 இல் கப்பல் உரிமையாளர்களுக்கும் 2012 இல் பாதுகாப்புக் கம்பனிகளுக்கும் வழிகாட்டல்களை வெளியிட்டது. இப்படித்தான் ஒரு புதிய சந்தை உருவானது.

காலிக்கு வந்த யோகம்

இந்தச் சந்தையில் நமது காலி நகருக்கு ஒரு தனி இடம் கிடைத்தது. அதற்குக் காரணம் வரைபடத்தில் வரையப்பட்ட ஒரு கோடு. கப்பற்றுறைச் சங்கங்கள் கொள்ளை அபாயம் மிகுந்த கடற்பரப்பு என்று ஒரு பகுதியைக் குறித்து வைத்திருந்தன. 2010 ஆம் ஆண்டில் அதன் கிழக்கு எல்லை 78 பாகை கிழக்கு நெடுங்கோடாக இருந்தது. காலி இருப்பது ஏறத்தாழ 80 பாகையில். அதாவது கிழக்கிலிருந்து வரும் கப்பல் அபாயப் பரப்புக்குள் நுழைவதற்குச் சற்று முன்னால், பிரதான கப்பல் பாதையின் ஓரத்திலேயே காலி அமைந்திருந்தது. காவலர்கள் ஏறவும் இறங்கவும் இதைவிட வாய்ப்பான இடம் வேறு எது?

2009 மே மாதத்தில் நாட்டில் யுத்தம் முடிவுக்கு வந்திருந்தது. கடலில் போர் புரிந்து பழகிய முன்னாள் கடற்படையினர் இங்கே நிறைய இருந்தனர். அவர்கள் 'சீ மார்ஷல்' என்ற பெயரில் கப்பலேறினார்கள். காலிக்கு அப்பால் கடலில் ஏறுபவர்கள் ஓமான் வளைகுடாவிலோ செங்கடலிலோ இறங்கி, அடுத்த கப்பலுக்காகக் காத்திருப்பார்கள். துறைமுகங்களுக்குள் ஆயுதம் கொண்டுவரப் பல நாடுகள் அனுமதிப்பதில்லை. ஆதலால் கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால் கப்பலொன்றை நிறுத்தி, அதிலேயே ஆயுதங்களையும் ஆட்களையும் வைத்திருக்கும் மிதக்கும் ஆயுதக் களஞ்சியங்கள் தோன்றின. காலிக்கு அப்பாலும் அவ்வாறானதொன்று இயங்கியது. பாதுகாப்பு அமைச்சின் கீழிருந்த அரச கம்பனியொன்றும் தனியார் கம்பனியொன்றும் ஈடுபட்டிருந்த இப்பணியை 2015 நவம்பரில் கடற்படை பொறுப்பேற்றது.

காவலரோடு மட்டும் இந்த வருமானம் நின்றுவிடவில்லை. அவர்கள் தங்கும் விடுதிகள், கப்பலுக்கு ஏற்றிச் செல்லும் படகுகள், வான் ஓட்டுநர்கள், உணவுப் பொருள் வழங்குபவர்கள் என்று பலர் இதனால் பயன்பெற்றனர்.

கோடு நகர்ந்தது

மழை வந்தால் குடை விற்கும், மழை விட்டால் விற்காது. இது குடை வியாபாரிக்கு நன்றாகத் தெரியும். காவலர் தொழிலும் இதே வகையைச் சேர்ந்ததுதான். இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. குடை விற்பவரால் மழையை நிறுத்த முடியாது; காவலரோ தமது வேலையைச் சரியாகச் செய்தால் ஆபத்தே நின்றுபோகும், அதோடு அவருடைய வேலையும் போய்விடும்.

அதுவே நடந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 'அட்டலாண்டா' கடற்படை நடவடிக்கை 2008 டிசம்பரிலேயே தொடங்கியிருந்தது. ஏனைய நாடுகளின் போர்க்கப்பல்களும் ரோந்து சென்றன. கப்பல்கள் தம்மைச் சுற்றி முட்கம்பி கட்டின, அபாயப் பகுதியில் வேகத்தைக் கூட்டின, ஆபத்து வேளையில் மாலுமிகள் ஒளிந்துகொள்ளப் பலமான அறைகளை ஏற்படுத்தின. காவலர்களும் இருந்தனர். இவையெல்லாம் சேர்ந்து 237 ஆக இருந்த தாக்குதல்களை 2012 இல் 75 ஆகவும் 2013 இல் 15 ஆகவும் குறைத்துவிட்டன.

ஆபத்துக் குறைந்ததும் கப்பல் உரிமையாளர்கள் செலவைக் குறைக்கப் பார்த்தார்கள். நால்வர் கொண்ட அணிகள் பல மூவராகச் சுருங்கின. கூடிய சம்பளம் கேட்ட ஐரோப்பியருக்குப் பதிலாகக் குறைந்த சம்பளத்துக்கு வரக்கூடிய நாட்டவர்கள் சேர்க்கப்பட்டனர். கம்பனிகள் ஒன்றையொன்று வெட்டி விலையை இறக்கின. 2014 இல் பிரித்தானியாவில் பெயர்பெற்ற ஒரு கம்பனி முறிந்து போனபோது, அதன் காவலர்கள் பலர் சம்பளம் கிடைக்காமல் கடலிலேயே நிர்க்கதியாகினர்.

2015 டிசம்பர் முதலாம் திகதி அபாயப் பரப்பின் கிழக்கு எல்லை 78 பாகையிலிருந்து 65 பாகைக்கு நகர்த்தப்பட்டது. அதாவது அந்தக் கோடு காலியிலிருந்து மேலும் ஏறத்தாழ 1,400 கிலோமீற்றர் மேற்கே போய்விட்டது. 2019 இலும் 2021 இலும் பரப்பு மேலும் சுருக்கப்பட்டது. 2023 ஜனவரி முதலாம் திகதியுடன் அபாயப் பரப்பு என்பதே நீக்கப்பட்டது. காலியிலிருந்த படகுக்காரர் எந்தத் தவறும் செய்யவில்லை. ஆனால் எங்கோ ஒரு மேசையில் வரைபடத்தைத் திருத்தியவர்களின் பேனா அவருடைய வருமானத்தையும் சேர்த்தே திருத்திவிட்டது.

இன்றைய நிலை

அப்படியானால் இத்தொழில் செத்துவிட்டதா? இல்லை. 2017 மார்ச் மாதத்தில் 'ஏரிஸ் 13' என்ற சிறிய எண்ணெய்க் கப்பல் சோமாலியாவுக்கு அப்பால் கடத்தப்பட்டது. அதிலிருந்த எட்டு மாலுமிகளும் இலங்கையர்கள். மூன்று நாட்களில் விடுதலையானார்கள். 2023 டிசம்பரில் 'ருவென்' என்ற கப்பல் கடத்தப்பட்டு, 2024 மார்ச்சில் இந்தியக் கடற்படையால் மீட்கப்பட்டது. 35 கொள்ளையர்கள் சரணடைந்தனர். 2024 ஜனவரியில் 'லொரன்சோ புத்தா 4' என்ற நமது நாட்டு மீன்பிடிப் படகும் பிடிபட்டு, சீஷெல்ஸ் படையினரால் மீட்கப்பட்டது. 2024 மார்ச்சில் பங்களாதேஷின் 'அப்துல்லாஹ்' கப்பல் 23 மாலுமிகளுடன் பிடிபட்டு, ஒரு மாதத்தின் பின் விடுவிக்கப்பட்டது. இத்தகைய சம்பவங்கள் நிகழும்போது காவலருக்கான கேள்வி மீண்டும் எழுகின்றது.

ஆனால் ஆபத்தின் தன்மை மாறியிருப்பதையும் கவனிக்க வேண்டும். 2023 நவம்பரிலிருந்து செங்கடலில் ஹூதிகள் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியபோது, ஏவுகணையும் ஆளில்லா விமானமும் வெடிமருந்து நிரப்பிய படகும் பயன்படுத்தப்பட்டன. கையில் துப்பாக்கி வைத்திருக்கும் மூவரால் ஏவுகணையை என்ன செய்ய முடியும்? 2025 ஜூலையில் 'எடர்னிட்டி சி' என்ற கப்பல் தாக்கப்பட்டு மூழ்கியபோது அதில் ஆயுதக் காவலர்கள் இருந்தனர். கப்பலைக் காப்பாற்ற அவர்களால் முடியவில்லை. பல கம்பனிகள் காவலரை ஏற்றுவதற்குப் பதிலாகச் செங்கடலையே தவிர்த்து, நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் சென்றன. அந்தச் செலவைத்தான் நமது இறக்குமதியாளர்கள் கொள்கலன் கட்டணத்தில் செலுத்தினார்கள்.

ஆகவே மருமகனிடம் கேட்க வேண்டிய முதற் கேள்வி இது: நீங்கள் சேரப்போகும் கம்பனிக்கு இப்போது கையில் ஒப்பந்தம் இருக்கிறதா? அல்லது ஒப்பந்தம் வரும் என்ற நம்பிக்கை மட்டும் இருக்கிறதா?

துப்பாக்கியைவிடத் தாள் பெரிது

"நான் படையில இருந்தவன், துப்பாக்கி பிடிக்கத் தெரியும், அது போதும்" என்று நினைப்பது பெரிய தவறு. படை அனுபவம் கதவு வரையில்தான் கொண்டுவந்து விடும். கதவைத் திறப்பது தாள்கள். ஏனெனில் கப்பல் உரிமையாளர் இந்தப் பிள்ளையை நேரில் கண்டதில்லை. காப்புறுதிக் கம்பனியும் கொடி நாடும் கண்டதில்லை. அவர்கள் எல்லோரும் நம்புவது ஆவணங்களையே. வியாபாரத்தில் நாணயம் என்று நாம் சொல்வது இங்கே சான்றிதழாக மாறியிருக்கின்றது.

சர்வதேச கடல்சார் அமைப்பின் வழிகாட்டல், காவலரைத் தெரிவு செய்யும்போது குற்றப் பின்னணி, முந்திய தொழில் வரலாறு, படைச் சேவை வரலாறு, உடல் உள ஆரோக்கியம், போதைப்பொருள் மதுப் பாவனை, ஆயுதப் பயிற்சி என்பவற்றைச் சோதிக்கச் சொல்கின்றது. நடைமுறையில் ஒருவர் தயார்செய்ய வேண்டியவை வருமாறு:

முதலாவது, சேவையிலிருந்து முறைப்படி விடுவிக்கப்பட்டதற்கான பத்திரம். சொல்லாமல் விட்டுவிட்டு வந்தவருக்கு இத்துறையில் இடமில்லை. அத்தகையோர் சட்டப்படி விலகிக்கொள்ள 2024 ஏப்ரல் 20 முதல் மே 20 வரை அரசாங்கம் பொதுமன்னிப்புக் காலம் வழங்கியது. இதுபோன்ற சந்தர்ப்பங்களைப் பயன்படுத்தி நிலைமையைச் சீர்செய்த பின்னரே வேறு வேலை தேட வேண்டும்.

இரண்டாவது, பொலிஸ் நற்சான்றும், போதிய காலம் செல்லுபடியாகும் கடவுச்சீட்டும்.

மூன்றாவது, கடலோடிகளுக்கான அடிப்படைப் பயிற்சிச் சான்றிதழ்கள். எஸ்.ரீ.சீ.டபிள்யூ. என்ற சர்வதேச உடன்படிக்கையின் கீழ் கடலில் உயிர் பிழைத்தல், தீயணைப்பு, முதலுதவி, தனிநபர் பாதுகாப்பும் சமூகப் பொறுப்பும் ஆகிய நான்கு பாடங்கள் உள்ளன. இவற்றோடு கப்பல் பாதுகாப்புக் கடமைகள் பற்றிய பயிற்சியும் உண்டு. வணிகக் கப்பற்றுறைச் செயலகத்தின் அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் படித்தால் மாத்திரமே இவை செல்லுபடியாகும். சுவரில் அழகாகத் தொங்கும் சான்றிதழ் எல்லாம் கப்பலில் செல்லாது.

நான்காவது, கடலோடிப் புத்தகம். எத்தனை நாள் எந்தக் கப்பலில் இருந்தார் என்பது இதில் பதிவாகும். ஓரிரு வருடங்களில் இதுவே அவருடைய மிகப் பெரிய சொத்தாகிவிடும்.

ஐந்தாவது, கடலோடி வைத்தியச் சான்றும் மஞ்சட் காய்ச்சல் தடுப்பூசி அட்டையும்.

ஆறாவது, ஆங்கிலம். இதைப் பலர் அலட்சியம் செய்கின்றனர். கப்பலில் கப்டன் ஒரு நாட்டவர், மாலுமிகள் இன்னொரு நாட்டவர். நள்ளிரவில் சந்தேகமான படகொன்று நெருங்கும்போது கப்டனுக்கு விளக்கமாகச் சொல்லத் தெரியாதவர், எவ்வளவு குறிபார்த்துச் சுடுபவராக இருந்தும் பயனில்லை. அணித் தலைவராக உயர விரும்புபவர் அன்றாட அறிக்கையும் எழுத வேண்டும்.

இன்னொரு விடயத்தையும் மறந்துவிடலாகாது. படையில் கட்டளை கிடைத்தால் சுடலாம். வணிகக் கப்பலில் நிலைமை வேறு. இறுதி அதிகாரம் கப்டனுடையது. எச்சரிக்கை செய்து, விலக்கிப் பார்த்து, உயிருக்கு ஆபத்து என்ற கடைசிக் கட்டத்தில் மாத்திரமே தற்காப்புக்காகச் சுடலாம். 2012 பெப்ரவரியில் கேரளக் கடலில் 'என்ரிக்கா லெக்ஸி' என்ற இத்தாலியக் கப்பலில் காவலிருந்த இரு இத்தாலியக் கடற்படை வீரர்கள், கொள்ளையர் என்றெண்ணிச் சுட்டதில் இரண்டு இந்திய மீனவர்கள் உயிரிழந்தனர். அந்த வழக்கு 2021 இல் 10 கோடி இந்திய ரூபா நட்டஈட்டுடன்தான் இந்தியாவில் முடிவுக்கு வந்தது. அவர்கள் அரச படையினர். பின்னால் ஓர் அரசாங்கம் நின்றது. தனியார் காவலருக்குப் பின்னால் யார் நிற்பார்?

தூத்துக்குடி தரும் பாடம்

தன் தாள்கள் சரியாக இருந்தாலும் கம்பனியின் தாள்கள் சரியில்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நமக்குப் பக்கத்திலேயே ஒரு சம்பவம் உண்டு. 2013 ஒக்டோபர் 12 ஆம் திகதி 'சீமேன் கார்ட் ஒஹாயோ' என்ற கப்பல் தமிழ்நாட்டின் தூத்துக்குடிக்கு அப்பால் இந்தியக் கரையோரக் காவற்படையினரால் பிடிக்கப்பட்டது. அமெரிக்கப் பாதுகாப்புக் கம்பனியொன்றுக்குச் சொந்தமான அக்கப்பல் சியராலியோன் கொடியுடன் ஓடியது. அதில் 35 பேர் இருந்தனர். பிரித்தானியர் 6 பேர், எஸ்தோனியர் 14 பேர், உக்ரேனியர் 3 பேர், இந்தியர் 12 பேர். பிரித்தானியர் அறுவரும் படையிலிருந்து விலகி, குடும்பத்துக்கு நாலு காசு தேடிக் கடலுக்கு வந்தவர்கள்.

கப்பலில் துப்பாக்கிகளும் ஆயிரக்கணக்கான ரவைகளும் இருந்தன. இந்தியக் கடல் எல்லைக்குள் உரிய அனுமதியின்றி ஆயுதங்களுடன் வந்தார்கள், அனுமதியின்றி டீசல் வாங்கினார்கள் என்பதே குற்றச்சாட்டு. தாங்கள் கொள்ளையரிடமிருந்து கப்பல்களைக் காப்பவர்கள் என்று அவர்கள் சொன்னார்கள். 2014 இல் உயர் நீதிமன்றம் குற்றச்சாட்டுகளைத் தள்ளுபடி செய்தது. 2015 இல் உச்ச நீதிமன்றம் வழக்கை நடத்தும்படி உத்தரவிட்டது. 2016 ஜனவரியில் தூத்துக்குடி நீதிமன்றம் ஐந்து வருடச் சிறைத்தண்டனை விதித்தது. 2017 நவம்பர் 27 ஆம் திகதி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை எல்லோரையும் விடுதலை செய்தது.

விடுதலை கிடைத்தது உண்மைதான். ஆனால் நான்கு வருடங்கள் போய்விட்டன. பிள்ளைகள் வளர்ந்துவிட்டன, வீட்டில் கடன் கூடிவிட்டது. அந்தக் காவலர்களில் எவரும் கப்பலின் அனுமதிப்பத்திரங்களைத் தயாரித்தவர் அல்லர். துப்பாக்கியைக் கையில் வைத்திருந்தவர்கள் அவர்கள் என்பதால் சிறை அவர்களுக்குக் கிடைத்தது.

எனவே கம்பனியிடம் கூச்சமின்றிக் கேட்க வேண்டும். ஆயுதங்களுக்கான ஏற்றுமதி அனுமதி யாருடைய பெயரில் உள்ளது? கொடி நாட்டின் அனுமதி உண்டா? கடலில் காத்திருக்கும் இடம் எது, எந்தக் கொடியின் கீழ் உள்ளது? கம்பனி ஐ.எஸ்.ஓ. 28007 என்ற தரச்சான்றைப் பெற்றுள்ளதா? 2012 இல் பிம்கோ என்ற கப்பற்றுறை அமைப்பு வெளியிட்ட 'கார்ட்கொன்' மாதிரி ஒப்பந்தத்தைப் பயன்படுத்துகிறதா? காவலருக்கு விபத்துக் காப்புறுதி உண்டா? வழக்கு வந்தால் சட்டச் செலவு யாருடையது? ஒழுங்கான கம்பனி இவற்றுக்குக் கோபிக்காமல் பதில் சொல்லும். "அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு" என்பவரிடம் பிள்ளையை ஒப்படைக்கக் கூடாது.

நாட்சம்பளமும் மாதச் சம்பளமும்

இனிக் கணக்குக்கு வருவோம். இத்துறையில் சம்பளம் பெரும்பாலும் நாட்கணக்கில் பேசப்படுகின்றது. அதுவும் கப்பலில் கடமை செய்யும் நாளுக்கு ஒன்று, காத்திருக்கும் நாளுக்கு வேறொன்று. இங்கேதான் பலர் ஏமாந்து போகின்றனர்.

விளங்கிக்கொள்வதற்காக ஓர் உதாரணம் பார்ப்போம். இது சந்தை விலையல்ல. நாளொன்றுக்கு 40 டொலர் என்று சொல்கிறார்கள். மருமகன் உடனே 30 ஆல் பெருக்கி, மாதம் 1,200 டொலர் என்று கணக்கிடுகிறார். உண்மையில் அம்மாதத்தில் கடமை நாட்கள் 12 தான். அதற்கு 480 டொலர். காத்திருந்த 10 நாட்களுக்கு அரைச் சம்பளம். அது 200 டொலர். மிகுதி 8 நாட்களுக்கு ஒன்றுமில்லை. மொத்தம் 680 டொலர். வருடத்தில் ஏழு மாதம் கடலிலும் ஐந்து மாதம் வீட்டிலும் இருந்தால் ஆண்டு வருமானம் 4,760 டொலர். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 400 டொலருக்கும் குறைவு. நினைத்ததில் மூன்றிலொன்று! இதிலிருந்து பயிற்சிக் கட்டணமும், சான்றிதழைப் புதுப்பிக்கும் செலவும், சில கம்பனிகளில் விமானச் சீட்டும் கழிய வேண்டும்.

ஆகவே கடன் கொடுக்கும் மாமா 1,200 ஐ வைத்துத் தவணை போடக் கூடாது. 400 ஐ வைத்தே போட வேண்டும். அதுவும் முதற் கப்பல் ஏறிய பிறகு.

முகவர் என்று வருபவர்கள்

படை அனுபவம் உள்ளவர்களைத் தேடி அலையும் தரகர்கள் பெருகியுள்ளனர். 2024 ஆம் ஆண்டில் நாம் கண்ட துயரம் இன்னும் ஆறவில்லை. நமது நாட்டின் முன்னாள் படையினர் பலர் பெரிய சம்பளம் தருவதாகவும் உதவியாளர் வேலை என்றும் ஏமாற்றப்பட்டு, ரஷ்ய உக்ரேன் போர்க்களத்துக்கு அனுப்பப்பட்டனர். குறைந்தது 16 பேர் கொல்லப்பட்டதாக அந்த ஆண்டு மே மாதத்தில் பாதுகாப்பு இராஜாங்க அமைச்சர் அறிவித்தார். அவர்களும் யாரோ ஒரு முகவரை நம்பித்தான் காசு கட்டினார்கள்.

கடலோடிகளை வேலைக்கு அமர்த்தும் முகவர் வணிகக் கப்பற்றுறைச் செயலகத்திலும், ஏனைய வெளிநாட்டு வேலைகளுக்கான முகவர் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திலும் அனுமதி பெற்றவரா என்று நேரில் சென்று விசாரிப்பது ஒரு நாள் வேலை. சுற்றுலா விசாவில் போங்கள், அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்பவர், ஒப்பந்தத்தை விமான நிலையத்தில் தருவதாகச் சொல்பவர், வேலை எந்த நாட்டில் என்று தெளிவாகச் சொல்லாதவர் ஆகிய மூவரிடமிருந்தும் விலகியிருக்க வேண்டும்.

கரையிலும் வேலை உண்டு

கடற் பாதுகாப்பு என்றதும் துப்பாக்கியோடு கப்பலில் நிற்பதை மட்டுமே பலர் எண்ணுகின்றனர். 2004 ஜூலை முதலாம் திகதி ஐ.எஸ்.பி.எஸ். என்ற சர்வதேசப் பாதுகாப்புக் கோவை நடைமுறைக்கு வந்தது. அதன்படி சர்வதேசப் பயணம் செய்யும் கப்பலொவ்வொன்றிலும், கப்பற் கம்பனியிலும், துறைமுக வசதியிலும் பாதுகாப்புக்குப் பொறுப்பான அதிகாரி ஒருவர் இருந்தாக வேண்டும். கொள்ளையர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்தச் சட்டம் இருக்கும். கப்பலேணிக் காவல், திருட்டுத்தனமாக ஏறுவோரைத் தேடுதல், கொள்கலன் முற்றங்களின் பாதுகாப்பு, களஞ்சிய மேற்பார்வை என்பன வருடம் முழுவதும் உள்ள வேலைகள். சம்பளம் குறைவாக இருக்கலாம். ஆனால் வீட்டுக்கு ஒழுங்காக வரும். கடலேற வாய்ப்பு வரும்வரை கரையில் இவ்வேலையில் இருப்பது புத்திசாலித்தனமாகும்.

இதைக் கேட்டுவிட்டு, நாமே ஒரு பாதுகாப்புக் கம்பனி தொடங்கினால் என்ன என்று சில வியாபாரிகள் நினைக்கக்கூடும். 1998 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பாதுகாப்பு முகவர் நிலையங்கள் பாதுகாப்பு அமைச்சில் பதிவு செய்யப்பட வேண்டும். வாடிக்கையாளர் இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் காசு தருவார். காவலருக்கோ மாதம் முடிந்ததும் சம்பளம் கொடுத்தாக வேண்டும். அந்த இடைவெளியைத் தாங்கும் முதல் கையில் இல்லாதவர் இதில் இறங்கக் கூடாது. விடுதி, படகு, உணவுப் பொருள் என்று இத்துறைக்குச் சேவை வழங்குபவர்களும் தமது மொத்த வியாபாரத்தையும் இதிலேயே போடாமல், ஒரு பகுதியாக மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. காலியின் கோடு நகர்ந்த கதை அதைத்தான் சொல்கின்றது.

மருமகனுக்கு என்ன பதில்?

லாச்சிக்குப் பின்னாலிருக்கும் மாமா இப்போது இப்படிச் சொல்லலாம்: "காசு தாறன் மகன். ஆனா ஒரேயடியா இல்ல. முதல்ல விலகின கடிதத்தையும் பொலிஸ் ரிப்போட்டையும் எடுங்க. இங்கிலீஷ் வகுப்புக்குப் போங்க. எந்தக் கம்பனி, என்ன ஒப்பந்தம் என்டு தாளக் கொண்டு வாங்க. ரெண்டு பேரும் போய் விசாரிப்பம். சரியென்டா அடிப்படைப் பயிற்சிக் காச நானே நிறுவனத்துக்குக் கட்டுறன். முகவர் கையில ஒரு சதமும் கொடுக்க மாட்டன். அதுவரைக்கும் துறைமுகப் பக்கம் ஒரு வேலையப் பாருங்க."

இதில் மறுப்பும் இல்லை, கண்மூடித்தனமும் இல்லை. வருடக்கணக்காக வெயிலிலும் மழையிலும் நின்று சம்பாதித்த பணிக்கொடை அந்தப் பிள்ளையின் கையில் ஒரு தடவைதான் வரும். அதைக் கரைத்துவிட்டால் மீண்டும் சேர்க்க அவருக்கு இன்னொரு இளமை கிடையாது. ஒரு சரக்கு நட்டப்பட்டால் அடுத்த சரக்கில் பிடித்துக்கொள்ளலாம் என்று நாம் ஆறுதலடைகிறோம். அந்த வசதி அவருக்கு இல்லை என்பதை நினைவில் வைத்து, அவருக்காக இன்னும் ஒரு மடங்கு கூடுதலாக விசாரித்துக் கொடுப்பது நமது கடமையாகும்.